கண்ணாடிக்குப் பின்னால் ஒரு போர்வை

கள்ளக்குறிச்சியில் அலுமினிய ஜன்னல் மாட்டுவது என் தொழில். தியாகதுருகத்தில், கோட்டை மலையடியில் ஒரு முஸ்லிம் துணிக்கடைக்காரரின் பழைய வீடு. அவர் இறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகன், லீவு முடிவதற்குள் தெரு ஜன்னலை மாற்றச் சொன்னார். சாய்வான மரப்பட்டைகள் வைத்த தேக்கு ஜன்னல் அது. கோட்டையை ஒட்டிய வீடுகளை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாதென்று எனக்குத் தெரியும். "ஜன்னல்தானேங்க, யாரு கேக்கப் போறாங்க" என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டினேன். பழையதைச் செங்கல் சூளைக்கு விறகாகத் தள்ளிவிட்டேன்.

மழைநீர் கசிகிறதென்று அடுத்த வாரம் கூப்பிட்டார்கள். தெருவில் நின்று ஓரத்தைப் பூசும்போதுதான் பார்த்தேன், உள்ளே கண்ணாடி முழுக்கப் போர்வை கட்டியிருந்தது. அதன் பின்னாலிருந்து இறந்தவரின் மனைவி பேசினார்.

"நான் இத்தாவுல இருக்கறேன் தம்பி. புருஷன் போனா நாலு மாசம் பத்து நாளு வெளிய வரக் கூடாது. பழைய ஜன்னல்னா உள்ள குந்திக்கினு தெருவப் பாப்பேன். போறவங்களுக்கு நான் தெரியமாட்டேன். அதையே திரும்ப மாட்டித் தர்றீங்களா?"

அது எரிந்துவிட்டதென்று சொல்லவில்லை. "பாக்கறேம்மா" என்றேன். பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அந்த ஜன்னலை மூன்று முறை அளந்தவன் நான். அதன் பின்னால் உட்காருவது யாரென்று கேட்கவில்லை. அதைக்கூட மறந்துவிடலாம். "பாக்கறேம்மா" என்ற என் வார்த்தையை நம்பி, இருட்டில் அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ.