கறுப்புக் கண்ணாடி போட்ட சின்னம்மா

எங்கள் மாமாவுக்கு ஊரைத் திருத்தும் ஆசை இளமையிலேயே பிடித்துவிட்டது. துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் வேலை. பின்னேரம் சைக்கிளை முற்றத்தில் சாத்துவார், முகம் கழுவுவார், தேநீர் குடிப்பார், அடுத்த கணமே வாலிபர் சங்கத் தலைவராகிவிடுவார். அம்மாவின் அண்ணன் அவர். அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் அம்மாவும் நானும் சின்னம்மாவும் உப்புவெளியில் மாமாவின் வீட்டில், மாமாவின் ஆட்சியில் இருந்தோம். நல்ல ஆட்சிதான். பேச்சுத்தான் கொஞ்சம் அதிகம்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. சிறுவயதில் வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. கையில் ஒரு தடி உண்டு. வீட்டுச் சீமெந்துத் தரையில் அது டொக் டொக்கென்று ஒழுங்காக நடக்கும். வாசல் படலையைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கினால் போதும், மணலில் பாதித் தடி புதைந்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு மாமா சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போவாராம். பெரியபிள்ளையானதும் அதுவும் நின்றது. பிறகு ஆஸ்பத்திரிக்கும் கோயில் தேருக்கும் மட்டும் கார் பிடித்துப் போய் வந்தார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், அது வருகிற கப்பலா போகிற கப்பலா என்று குசினி அடுப்படியில் இருந்தபடியே சின்னம்மா சொல்லிவிடுவார். சரிதானா என்று போய்ப் பார்த்தவர் எவருமில்லை.

ஆட்களுக்கு முன்னால் சின்னம்மா வருவதை அம்மா விரும்பமாட்டார். அது வெட்கத்தால் அல்ல, பாசத்தால் என்றே இன்றும் நினைக்கிறேன். யாராவது பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. ஒன்பது வயதுக்காரியான எனக்கு வேறு கவலை. எப்போதாவது வெளியே இறங்கினால் சின்னம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். கோயில் திருவிழாவில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கச்சான் கடைக்கு ஓட, நான் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். எனக்கு அழுகை அழுகையாக வரும்.

அந்தக் காலத்தில் சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாமல் இருந்தது. நிலாவைப் பார்த்துப் போயா தினத்தில்தான் லீவு. அது எந்தக் கிழமையிலும் வந்து நிற்கும். அப்படியொரு போயாவில் எங்கள் ஒழுங்கைக்குக் கல் போட்டுத் தெருவாக்கச் சிரமதானம் என்று மாமா அறிவித்தார். சும்மா சிரமதானம் இல்லை. மூதூர் இளைஞர்கள் லோஞ்சுப் படகில் வந்து எங்களோடு வேலை செய்வார்கள். அடுத்த மாதம் எங்கள் ஆட்கள் குடாவைக் கடந்து போய் அவர்களுடைய சிறுவர் பள்ளிக்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்து கொடுப்பார்கள். இதுவரை எந்தப் பொதுவேலைக்கும் கூப்பிடப்படாதவர்களையும் இந்த முறை கூப்பிட வேண்டும் என்பது மாமாவின் திட்டம்.

இதற்கான கூட்டம் எங்கள் முற்றத்தில் நடந்தது. மூதூரிலிருந்து ஒரு தையல்காரர் வந்திருந்தார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் எல்லோரும் அவரைக் காக்கா என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். மாமா பேச எழுந்தார். அந்தப் பேச்சை அவர் ஒரு கிழமையாக வீட்டில் நடந்து நடந்து பாடமாக்கியிருந்தார். சுளகும் அரிசியுமாக இருந்து அதைத் திருத்திக் கொடுத்தவர் சின்னம்மா. பாதி வசனங்கள் சின்னம்மாவுடையவைதான். முக்கியமான இடத்தில் மாமாவுக்கு அடைத்துக்கொண்டது.

“ஆண் என்றும் பெண் என்றும், ஏழை என்றும் இளையவர் என்றும் பாராமல்...” என்று சொல்லி நின்றார். திரும்பவும் அதையே சொல்லி நின்றார்.

குசினி யன்னலுக்குள் இருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. “ஒருவரும் வீட்டில் மிஞ்சக் கூடாது.”

முற்றம் கைதட்டியது. காக்கா யன்னல் பக்கம் திரும்பினார்.

“உள்ளுக்க இருந்து சொன்னது ஆரு?”

“அது எங்கட வீட்டுப் பிள்ளை” என்றார் மாமா.

“அப்ப அந்தத் தங்கச்சியும் வருவா. நல்லம்.”

மாமா சிரித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கந்தோரில் பழகிய வித்தை அது.

கூட்டம் கலைந்து சாப்பிட இருந்தபோது சின்னம்மா, “நானும் வரப்போறன், அண்ணை” என்றார்.

“கூட்டத்தில கதைக்கிறது வேற, வீடு வேற, பிள்ளை. உன்னால ஏலாது.”

“ஊர் கதைக்கும்” என்றார் அம்மா. “கல்லுடைக்கிறது கூலி வேலையெல்லோ.”

சின்னம்மா சண்டைக்குப் போகவில்லை. மாமாவின் சோற்றுக் கோப்பையில் இன்னொரு அகப்பை குழம்பை ஊற்றினார். “சரி அண்ணை. அப்ப அந்த வசனத்தை வெட்டிப் போடுவம். ஒராள் மட்டும் வீட்டில மிஞ்சலாம் எண்டு மாத்திச் சொல்லுங்கோ.”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சிரமதான நாள் வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. நிலாவைப் பார்த்த மாமா கிழமையைப் பார்க்க மறந்துபோனார். விடியவே வந்து மாடாக உழைத்த மூதூர்ப் பெடியன்கள், உச்சிக்கு முன்னரே கைகால் கழுவி, ஜும்மாவுக்குப் பட்டணப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டபோதுதான் அவருக்கு விளங்கியது. “தொழுதிட்டு ஓடி வாறம், தலைவர்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் வாலிபர்களோ படம் பிடித்து முடியும்வரை புலியாக நின்றார்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொருவருக்காக இடுப்புப் பிடித்துக்கொண்டது.

லொறி கொட்டிவிட்டுப் போனது பெரிய கருங்கல். அதைச் சம்மட்டியால் பிளக்க எல்லோருக்கும் ஆசை. பிளந்ததை நிலத்தில் குந்தியிருந்து சிறு சல்லியாக உடைக்கத்தான் ஆளில்லை. சல்லி இல்லாவிட்டால் தெருவும் இல்லை. கூலிக்குக் கல்லுடைக்கும் இரண்டு பெண்கள் மட்டும் வேப்பமர நிழலில் இருந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கையின் கடைசியில் குடிசை போட்டிருந்தவர்கள் அவர்கள். மாமா அவர்களுடைய குடிசைக்கே போய்க் கேட்டதால் வந்திருந்தார்கள். கேட்டவர் மாமா என்றாலும், மற்ற ஆட்கள் அவர்களைச் சுற்றி ஒரு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

அம்மா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் சின்னம்மா என்னைப் பார்த்து, “வா” என்றார்.

படலைவரைக்கும் தடி. பிறகு என் தோள். அந்தக் கொஞ்சத் தூரத்தை நாங்கள் கடக்கும்வரை சம்மட்டிச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. சின்னம்மாவின் விரல்கள் என் தோளில் ஆழப் பதிந்தன. நோகுது என்று சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். சின்னம்மா நேரே போய் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் இருந்தார். மூத்தவள் தன் சாக்கை இழுத்து விரித்தாள்.

“இதில இருங்கோ பிள்ளை, கல் குத்தாது.” பழைய டியூப்பில் வெட்டிய ஒரு வளையத்தையும் கொடுத்தாள். கல்லை அதற்குள் வைத்து அடித்தால் சிதறாது. சின்னம்மாவின் முதல் அடி சாக்கில் விழுந்தது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

மாமா ஓடி வந்தார். அடிதான் விழப்போகிறது என்று நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். படலையில் அம்மா தலையில் கைவைத்து நின்றார். சின்னம்மா நிமிரவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார். மாமா, “கண்ணில தெறிக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் கறுப்புக் கண்ணாடி இருந்தது. கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியது. வீட்டில் ஒருவரும் தொடக் கூடாத பொருள் அது. மாமா குனிந்து தன் கையாலேயே அதைச் சின்னம்மாவுக்குப் போட்டுவிட்டார். “இனி உடை, பிள்ளை” என்றார்.

சாதாரண நூல்சேலை, கையில் சுத்தியல், கண்ணில் சினிமா நடிகர்கள் போடுகிற கண்ணாடி. அதைக் கிட்டப் பார்க்கவென்றே எதிர்வீட்டு அக்கா வந்தார். வந்தவர் சும்மா நிற்க ஏலாமல் அருகில் இருந்தார். அவரைத் தேடி அவருடைய தங்கை வந்தாள். இப்படியே வேப்பமரத்தடி நிறைந்துவிட்டது. வண்டி திரும்பும் அளவு இடம் எங்கே போனதென்று தெரியவில்லை. தொழுகை முடிந்து ஒரு வாளி சர்பத்தோடு வந்த காக்கா, சல்லிக் குவியலைப் பார்த்துவிட்டு, “யன்னல் தங்கச்சி இவதானா?” என்று கேட்டார். சின்னம்மா பல் தெரியச் சிரித்தார். அவருக்கு இத்தனை பல் உண்டு என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பொழுதுபட முன்னர், பஸ் தெருவிலிருந்து போட்டு வந்த கல்தெரு எங்கள் படலைவரை வந்துவிட்டது. மிச்சத்தை அடுத்த போயாவில் முடிப்போம் என்று மாமா சொன்னார். பிறகு எத்தனையோ போயா வந்து போய்விட்டது. அம்மா சின்னம்மாவின் கைக் கொப்புளங்களுக்கு எண்ணெய் பூசிப் பூசி அழுதார். சின்னம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வந்தவர் போனவருக்கெல்லாம் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மூதூர்ப் பயணம் வந்தபோது அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “தெருவில இருந்தது காணாதே? இனிக் கடல் தாண்டியும் போகவேணுமோ?” காக்கா லோஞ்சில் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்: தன் வீட்டு முற்றத்தில் பெண்கள் எல்லோரும் கூடியிருந்து கிடுகு பின்னுவார்கள், கறுப்புக் கண்ணாடித் தங்கச்சி வராவிட்டால் தன் தாய்க்குக் கோபம் வரும். சின்னம்மா மாமாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊருக்கு முன்னால சொன்ன வசனம்” என்றார் மாமா. “இனி வெட்டேலாது.”

அம்மா தோற்றுப்போனார். தோற்றவர் ஒரு தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, என் கையில் பொத்தி வைத்து, “சின்னம்மாவுக்கு லோஞ்சில தலை சுத்தும். உடன மணக்கக் குடுக்கவேணும், என்ன?” என்று கட்டளையிட்டார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது.

விடியற்காலை படலையைத் திறந்தோம். சின்னம்மா தடியைக் கல்தெருவில் ஊன்றினார். அது புதையவில்லை. டொக், டொக், டொக். பஸ் தெருவரைக்கும் தானே நடந்தார். என் தோள் சும்மா இருந்தது. நான் ஓடியிருக்கலாம். ஏனோ பக்கத்திலேயே நடந்தேன்.

லோஞ்சு துறையை விட்டு விலகியது. மாமாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சின்னம்மா ஓரத்தில் இருந்தார். எங்கோ ஒரு கப்பல் ஊதியது.

“வாற கப்பல்!” என்றார் சின்னம்மா, குசினியில் சொல்வது போலவே.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கப்பல் துறைமுக வாயைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது.

“அது போகுது, பிள்ளை” என்று மாமா மெல்லச் சொன்னார்.

சின்னம்மா அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டு போன ஊரை, கோட்டையை, கோணமலையைப் பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே கன்னம் இரண்டும் நனைந்து ஒழுகிக்கொண்டிருந்தன. தலை சுற்றுகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. பாய்ந்து போய்த் தேசிக்காயை நகத்தால் கீறி மூக்கடியில் பிடித்தேன். சின்னம்மா அதை வாங்கி நன்றாக மணந்தார்.

“இப்ப சரியோ, சின்னம்மா?”

“ஓம் குஞ்சு. இப்ப எல்லாம் சரி.”

மூதூரில் இறங்கும்வரை, தேசிக்காய் எவ்வளவு கெதியாக வேலை செய்தது என்று லோஞ்சில் இருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.