பென் டிரைவுக்கு வைத்த சந்தனம்

ஒரு கறுப்புப் பென் டிரைவ். அதன் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பென் டிரைவுக்கு நெற்றி எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் முதலாளியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இன்று நானே நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு அச்செடுக்க வேண்டியதெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது, பொட்டு வைக்கப் பொருளே இல்லை.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே அவருடைய ஜெராக்ஸ் கடையில் அப்போது வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஆயுத பூஜை வந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. ஜெராக்ஸ் மிஷின், கீபோர்டு, ஸ்டேப்ளர், எதுவும் தப்பாது. "எது நமக்குச் சோறு போடறதோ, அதை விடப்படாது" என்பார். அந்த வருஷம் மேஜையில் கிடந்த பென் டிரைவுக்கும் தாராளமாக வைத்துவிட்டார். அது கடையினுடையது அல்ல. பாலக்கரையிலிருந்து வரும் ஒரு கல்லூரி டீச்சர், தன் பிஎச்.டி. ஆய்வேட்டை அச்செடுக்கக் கொடுத்துவிட்டுப் போனது.

விடுமுறை முடிந்து கடை திறந்ததும் டீச்சர் வந்து நின்றார். அன்று மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும், அதுதான் கடைசி நாள். பென் டிரைவைச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினேன், அடுத்த கம்ப்யூட்டரில் செருகினேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். விளக்குகூட எரியவில்லை.

"வேற காப்பி இருக்குங்களா?"

"லேப்டாப் போன வாரமே செத்துப்போச்சுங்க. இது ஒண்ணுதான்" என்றவர், "யா அல்லா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உலோக வாய்க்குள் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. முதலாளியம்மா எட்டிப் பார்த்தார். மழுப்பவில்லை.

"ரங்கா, பெருமாளே! டீச்சர், இது என் வேலை. பூஜைக்கு நான்தான் சந்தனம் வச்சேன். உள்ளே இறங்கிடுத்து."

டீச்சருக்கு வந்ததே கோபம்! "உங்க சாமிய உங்க சாமானோட நிறுத்திக்கக் கூடாதா?"

கடையில் நின்றிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளியம்மா ஒரு ஸ்டூலை இழுத்து டீச்சருக்குப் போட்டார். நான் பல்குச்சியில் பஞ்சைச் சுற்றி, மிஷின் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரிட்டில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். முதலாளியம்மா போனில் டார்ச் பிடித்தார். ஒருத்தியின் வருஷக்கணக்கான உழைப்பு என் பல்குச்சி முனையில் இருந்தது.

ஃபேனுக்குக் கீழே நன்றாகக் காயவைத்துச் செருகினேன். விளக்கு மினுக்கியது. முதல் வேலையாக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டுதான் வாயைத் திறந்தேன். "வந்துடுச்சுங்க." டீச்சர் விசும்பி அழுதுவிட்டார். மதியத்துக்குள் அச்சடித்து, பைண்டிங் போட்டுக் கொடுத்தனுப்பினோம்.

சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து டீச்சர் திரும்பி வந்தார்.

"குடுத்துட்டேம்மா. காலையில கோவத்துல என்னென்னவோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

முதலாளியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வச்சுக்கத்தான் போறேன் டீச்சர். நீங்க கேட்டது நியாயம். உங்க பொருள், உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுன்னா நான் தொட்டிருக்கணும்."