ஊதா டார்ச்சுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

என் கையில் வெள்ளை விழுந்ததைப் பற்றி எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. கோபம்தான் இருந்தது. அதுவும் வெள்ளையின் மேல் இல்லை, அதற்கு ஊர் வைத்திருந்த பெயரின் மேல். வெண்குஷ்டம். தோலில் நிறம் போவதற்கும் குஷ்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்தப் புண்ணியவானோ இரண்டையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது வெண்புள்ளி என்று நாகரிகமாகச் சொல்கிறார்கள். எண்பதுகளில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அந்த நாகரிகம் இன்னும் பஸ் ஏறியிருக்கவில்லை.

அப்போது நான் ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். சமைக்க ஆள் தனியாக உண்டு. ஆனால் கரண்டி பிடித்துப் பிள்ளைகளுக்குப் போடுவது நான்தான். கடைசி வரிசைக்கும் பருப்பு போய்ச் சேர வேண்டும் என்றால் அது என் கையில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் அந்த வேலைதான் சோறு.

புறங்கையில் மிளகளவு தொடங்கிய வெள்ளை விரல் முட்டிகளுக்கு ஏறியபோது, தருமபுரியில் இருந்த ஒரு தோல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா விடுப்பில் இருந்தார். கம்பவுண்டர் இருந்தார். அவருக்கு விடுப்பு கொடுத்திருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு, பேட்டரியில் எரியும் ஒரு கைவிளக்கை எடுத்தார். உள்ளே சின்ன ட்யூப் லைட். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம் வருமாம், தோலில் என்ன கோளாறு என்று காட்டிவிடுமாம். அதன் முகப்புக் கண்ணாடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. அந்த இடத்தில் ஊதா நிறக் கண்ணாடித் தாளை வெட்டி ஒட்டியிருந்தார் மனிதர். ஊதா லைட்டுக்கு ஊதாத் தாள். கல்யாண மேடை ஜோடிக்கிற தாள்.

விளக்கைப் போட்டதும் என் கை, அவர் சட்டை, சுவர், மேஜை எல்லாம் கத்திரிப்பூ நிறமாகிவிட்டன. வெள்ளை எது, நல்ல தோல் எது என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"மங்கலாத்தான் தெரியுது. குஷ்டமாத்தான் இருக்கும் போலிருக்குதும்மா," என்றார், வாசல் பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி.

பெஞ்சில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் ஊர் திரும்புமுன் சேதி திரும்பிவிட்டது. பள்ளிக்கு எதிர்வீட்டு மாமா, உறவில்லை, ஊர் முறைக்கு மாமா, தன் பேத்தியைச் சத்துணவு வரிசையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளை இழுத்தார்கள். யூனியன் ஆபீசுக்கு மனு போனது. டாக்டர் சான்றிதழ் வரும்வரை பாத்திரத்துப் பக்கம் போகக் கூடாது, இல்லையென்றால் வேறு ஆளைப் போடுவோம் என்றார்கள்.

டாக்டரம்மா திரும்பி வந்ததும் போனேன். அவர் பஞ்சை உருட்டி என் வெள்ளையில் தொட்டார். தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன்.

"உணர்ச்சி நல்லா இருக்கும்மா. இது குஷ்டம் இல்ல, யாருக்கும் ஒட்டாது. குஷ்டமே ஆனாலும் இன்னைக்கு மருந்து இருக்கு. எழுதித் தர்றேன், போய்க் குடு."

எனக்கு அது போதவில்லை. "உங்க பஞ்சை எங்க ஊருல யாரும் நம்ப மாட்டாங்கங்க. அந்த லைட்டுதான என்னைக் கெடுத்துச்சு? அதே லைட்டு வந்து இல்லைன்னு சொல்லணுங்க," என்றேன்.

அவர் விளக்கை வாங்கிப் பார்த்தார். தாளைப் பார்த்ததும் முகம் மாறியது. கண்ணுக்குத் தெரிகிற ஊதாவை அடைத்து, தெரியாததை மட்டும் வெளியே விட வேண்டும், அதற்குத்தான் முகப்புக் கண்ணாடி, இந்தத் தாள் அப்படியே நேர்மாறாக வேலை செய்கிறது என்றார். "பெங்களூர்லேருந்து கண்ணாடி வந்திருக்கணுமே?"

"வந்துச்சுங்க. தப்பா அனுப்பிட்டாங்க. கரியாட்டம் இருக்குது, வெளிச்சமே வராது," என்று கம்பவுண்டர் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார். அதுதான் சரியான கண்ணாடி. என் பேர் ஊரெல்லாம் நாறிக்கொண்டிருந்தபோது அது அங்கே பஞ்சு உருண்டைகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

கண்ணாடி விளக்கின் வாயைவிடப் பெரிது. கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த பாயிடம் கொண்டுபோனேன். அவர் அதைக் கண்ணில் வைத்து வீதியைப் பார்த்தார். நல்ல உச்சி வெயில்.

"என்ன தங்கச்சி, பஸ் ஸ்டாண்டே காணோம்? இதைப் போட்டுக்கிட்டு யாரு எதைப் பாக்கப் போறாங்க?"

"எங்க ஊருக்காரங்க என்னையப் பாக்கணும் பாய்."

சிரித்துக்கொண்டே வெட்டினார். ஒரு மூலை மட்டும் சில்லு பெயர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, தாளைக் கிழித்தெறிந்துவிட்டு நானே உட்கார்ந்து பொருத்தினேன். சுற்றிலும் அட்டை, அதன்மேல் கரண்டுக்காரர்கள் சுற்றும் கறுப்பு டேப். ஜன்னலைச் சாத்திப் போட்டுப் பார்த்தால், பெயர்ந்த மூலையில் கோடாக ஊதா ஒழுகியது. அதன்மேலும் ஒட்டினேன்.

"பேட்டரி போச்சுங்க," என்றார் கம்பவுண்டர் இருட்டில்.

போகவில்லை. விளக்கின் அடியில் கையை நீட்டினேன். கை தெரியவில்லை. வெள்ளை மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் பளிச்சென்று நின்றது, விளிம்பு விளிம்பாக. முழங்கைக்குக் கீழே நான் அதுவரை பார்த்தே இராத இன்னொன்றும் தெரிந்தது. நெஞ்சு வலித்தது, அதை மறைப்பானேன். ஆனால் பொய் சொன்ன விளக்கை உண்மை பேச வைத்தவள் நான். அது எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று கேட்க முடியுமா?

சான்றிதழை ஆபீஸ் ஏற்றுக்கொண்டது. எதிர்வீட்டு மாமா ஏற்கவில்லை. "காயிதத்துல என்ன வேணாலும் எழுதலாம். எங்கொழந்த சாப்புடாது," என்றார். டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். அடுத்த வாரமே அந்த விளக்கோடு வந்து எங்கள் பள்ளியில் தோல் முகாம் போட்டார்.

அரிசி மூட்டை வைக்கும் அறையின் ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். ஊர் வாசலில் கூடியிருந்தது. முதல் ஆளாக நான் போய், தாய்மார்களை உள்ளே கூப்பிட்டு, கையை முழங்கை வரை நீட்டினேன். பளிச்சென்று எரிந்தது. இது நிறம் போன தோல், ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்னார். குஷ்டத் தேமல் இப்படிப் பளிச்சிடாது, பஞ்சு பட்டாலும் தெரியாது என்றும் சொன்னார். ஒருத்தி என் வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மாமா வாசலிலிருந்து சத்தம் போட்டார். "யாரு கையக் காட்டுனாலும் அந்த லைட்டு அப்புடித்தான் மினுக்கும்!"

"அப்ப நீங்க வாங்க மாமா," என்றேன்.

ஊர் பார்க்கிறது, வராமல் இருக்க முடியாது. வந்தார். சோப்புத்தூளில் துவைத்த வேட்டி இருட்டில் தனியாக நடந்து வருவதுபோல் மினுங்கியது. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கையை நீட்டினார். ஒன்றுமில்லை, வெறும் இருட்டு. நல்ல கை மினுங்காது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதோடு விட்டிருப்பேன். டாக்டரம்மாதான் விளக்கை அவர் கழுத்துக்கு உயர்த்தினார். கழுத்திலும் தோளிலும் திட்டுத் திட்டாக மஞ்சள் பூத்திருந்தது.

"என்னுங்க அது?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

"தேமல். பூஞ்சைக் காளான். மருந்து தர்றேன்."

"ஒட்டுமுங்களா?"

என்னைப் பாத்திரத்துப் பக்கம் வரவிடாமல் தள்ளிய அதே பயம் அந்தக் கேள்வியில் இருந்தது. டாக்டரம்மா, பயப்பட ஒன்றுமில்லை என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் முகாமுக்குச் சமைத்திருந்த சாம்பார் சாதத்தை ஒரு தட்டில் போட்டேன். ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, எல்லார் முன்னாலும் அவர் முன் நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், துண்டால் கழுத்தை மூடிக்கொண்டார்.

"சாப்புடுங்க மாமா," என்றேன். "உங்களுது எனக்கு ஒட்டாது."