அம்மாவுக்குக் கட்டிய நாலு வரி

பருத்தித்துறையில் யார் செத்தாலும் கல்வெட்டுக்குப் பாட்டு எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். பொய். ஒருவரும் வந்ததில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் கடற்கரையில். வாழ்நாளில் நான் கட்டியது ஒரே ஒரு பாட்டு, நாலு வரி. அதையும் ஒருவரும் அச்சடிக்கவில்லை.

கல்வெட்டு என்றதும் கல்லில் வெட்டுவது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஆள் செத்து முப்பத்தோராம் நாள், சாப்பிட வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம் அது. முகப்பில் கலர்ப்படம், உள்ளே தேவாரம், செத்தவரின் சரித்திரம், பிறகு பிள்ளைகள் புலம்பல். பிள்ளைகள் அதில் ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டார்கள். அச்சகத்தில் எழுதி வைத்த பாட்டுகள் கிடக்கும். சட்டைத்துணி பார்க்கிற மாதிரிப் பார்த்து ஒன்றைத் தெரிந்தெடுத்தால் புலம்பி முடிந்தது.

நானும் அந்த ரக ஆள்தான். வலை காய்கிற நேரமெல்லாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டு மல்லாந்து கிடப்பேன். யாரோ ஆடுவான், யாரோ சமைப்பான், யாரோ வழுக்கி விழுவான். செத்தவீட்டுச் செய்தி வந்தால் அழுகிற மூஞ்சி ஒன்றை அமத்தி அனுப்பிவிட்டு அடுத்த பகிடிக்குப் போய்விடுவேன். அம்மா செத்தபோது அதே அழுகிற மூஞ்சிகள் எனக்கும் வந்து குவிந்தன. விரலால் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாம் ஒரே அளவாக அழுதன. நான் அனுப்பியவையும் மற்ற வீடுகளில் இப்படித்தான் அழுதிருக்கும். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். அம்மாவின் கல்வெட்டுக்கு நானே பாட்டுக் கட்டுவது என்று குந்தினேன்.

லேசான வேலையில்லை. வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவது போல, ஒரு சொல்லைப் பிடித்தால் மற்றச் சொல் கடித்தது. கிணற்றடியில் நின்று வாய்க்குள் சொல்லிப் பார்த்ததை மனைவி கண்டுவிட்டாள்.

"என்னப்பா தனியக் கதைக்கிறியள்? விசர் பிடிச்சிட்டுதோ?"

"அம்மாவுக்குப் பாட்டுக் கட்டுறன்."

"முதல்லை இடுப்பிலை சறத்தை ஒழுங்காக் கட்டுங்கோ."

கல்வெட்டுச் செலவு கனடாவிலிருந்து வந்திருந்த என் அண்ணனுடையது. அதனால் அச்சகத்தில் கதிரை அவருக்கு, நிற்கிற இடம் எனக்கு. அச்சகக்காரர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"உந்த ஏழாம் நம்பர் நல்லாப் போகுது அண்ணை. எல்லாரும் அதைத்தான் கேக்கினம்."

எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

அறிவொளி ஏற்றிய ஆசான் நீயே
அகிலம் போற்றும் அன்னை நீயே
கடிந்தொரு வார்த்தை கூறா வாயே
கண்மூடித் துயில்வது ஏனோ தாயே

என் அம்மா கைநாட்டு. சாகிறவரைக்கும் சந்தையில் சூடை மாதிரி மலிவு மீன் விற்றவர். அவர் ஏசத் தொடங்கினால் மீனுக்குக் காத்திருக்கிற நாய்களே எழும்பி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

"அண்ணை, உது ஆரோ வாத்தியாரம்மாவுக்கு எழுதினது. எங்கடை அம்மா எப்ப படிப்பிச்சவ?"

அச்சகக்காரர் நெற்றியைச் சொறிந்தார். "அந்த ஆசான் எண்ட சொல்லை மாத்தித் தரலாம்."

"வேண்டாம்," என்றார் அண்ணன். "இருக்கட்டும். நல்லாத்தானே கிடக்கு."

பிழை என்று தெரிந்தும் அவருக்கு அது பிடித்திருந்தது. நான் அவசரமாக என்னுடையதைச் சொன்னேன்.

சந்தையிலை உன்ரை சத்தம் கேட்டால்
சூடைமீனும் விலை ஏறும்
ஏசிக் கூப்பிட ஆளில்லாமல்
என்ரை பேரே மறக்குதம்மா

அச்சகக்காரர் தட்டச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அண்ணன் பார்க்கவில்லை.

"டேய், உதைப் போட்டால் கனடாவிலை என்ரை சம்பந்தி வீட்டுக்கு என்னெண்டு குடுக்கிறது? அம்மா மீன் வித்தவ எண்டு அவைக்குத் தெரியாது."

"அந்த மீன் வித்த காசிலைதானே நீங்கள் பிளேன் ஏறினியள்?"

"அதுக்குத்தான் இப்ப கலரிலை அடிக்கிறன்."

"கடைசிப் பக்கத்திலை ஒரு மூலையிலையாவது..."

"அங்கை நன்றி நவிலல் வருது," என்றார் அச்சகக்காரர், மெதுவாக.

ஏழாம் நம்பரே அச்சாகியது. நல்ல மினுக்கமான தாள். ஈ இருந்தால் வழுக்கும்.

முப்பத்தோராம் நாள் சந்தைப் பெண்கள் வந்தார்கள். காலை வியாபாரம் முடித்த கையோடு வந்து, பந்தலின் பின்பக்கத்தில் பாயில் இருந்தார்கள். முன்னால் பாதிக் கதிரைகள் காலியாகத்தான் இருந்தன. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டிய மாமி கல்வெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மோனை, எனக்கு எழுத்துத் தெரியாது. கொம்மாவைப் பற்றி என்ன போட்டிருக்கு? வாசி."

வாசித்தேன். மாமி புத்தகத்தை வாங்கித் திருப்பிப் படத்தைப் பார்த்தார்.

"படம் அவதான். பாட்டு ஆரின்ரை?"

பாயில் இருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "கடிஞ்சு கதைக்காதவவாம்!" என்றார் இன்னொருவர். "அப்ப என்ரை தராசைத் தூக்கி எறிஞ்சது ஆர், இவன்ரை மனுசியோ?"

"உது கடையிலை வாங்கினது மாமி. நான் கட்டினது வேறை."

"நீயோ? நீ கட்டினியோ? சொல்லன், கேப்பம்."

அண்ணன் படலையடியில் நின்று யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். நான் குனிந்து, முதல் இரண்டு வரியைச் சொன்னேன். மாமி தொடையில் அடித்தார்.

"ஓமடா! சூடையை விளைமீன் விலைக்கு வித்திட்டுப் போவாள், பாவி. நாங்கள் பாத்துக்கொண்டு இருப்பம்." சொல்லும்போதே சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் அம்மாவுக்காக ஒருவர் மூக்கைத் துடைத்ததை அப்போதுதான் கண்டேன். பாயில் இருந்த எல்லாரும் கிட்ட வந்தார்கள்.

"மிச்சத்தைச் சொல்லு, மோனை."

"ஏசிக் கூப்பிட..." என்று தொடங்கினேன். செருமிவிட்டுத் திரும்பவும் தொடங்கினேன்.

"டேய்!" அண்ணன். "அங்கை நிண்டு என்ன பகிடி விடுறாய்? முன்பந்தியிலை சோறு முடிஞ்சுது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வா!"

"கெதியா வா, ராசா," என்றார் மாமி. "நாங்கள் பின்னேரச் சந்தைக்குப் போகவேணும்."

"இந்தா வாறன் மாமி," என்று வாளியைத் தூக்கினேன்.