அக்கி எழுதியவரின் கால்

என் வீட்டுக்காரர் இறந்த வருடம் எங்கள் வாசலில் தினமும் கொஞ்சம் மரத்துண்டு கிடக்கும். கட்டிட வேலையில் மிச்சமான பலகைச் சில்லு. அடுப்புக்கு ஆகும். கோயில்காரர்கள்தான் போடுகிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் விடியலில் கதவைத் திறந்தபோது, ரத்தினவேல் அண்ணன் குனிந்து வைத்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். 

இந்தத் தை மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கால் விஷயம்தான் முதலில் வருகிறது.

டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் எங்கள் சந்திலேயே அவர் வீடு. விழுப்புரம் பக்கம் மண்பானை செய்கிற குடும்பம். இங்கே கொத்தனார் வேலை. ஆனால் கேம்ப்பில் யாருக்காவது தோல் சிவந்து, கொப்புளம் கண்டு எரிந்தால் அவரிடம்தான் போவார்கள். குயவர் கையால் எழுதினால் அக்கி இறங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. காவி மண்ணைக் குழைத்து, மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே கோழி இறகால் அந்த இடம் முழுக்க எழுதுவார். காசு வாங்க மாட்டார். எழுதியது தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது.

கேம்ப்பை அரசாங்கம் இடிப்பதற்கு முந்தின மழைக்காலத்தில், பக்கத்தில் ஓடும் பாராபுல்லா சாக்கடைக் கால்வாய் பொங்கிச் சந்துக்குள் வந்துவிட்டது. காலில் ஆணி கிழித்த காயத்தோடு அண்ணன் அந்தத் தண்ணீரில் நடந்து எல்லார் சாமானையும் மேலே ஏற்றிக் கொடுத்தார். பிறகு கணுக்கால் சிவந்து வீங்கியது. தொட்டால் நெருப்பு. அக்கிதான் என்று தன் காலுக்குத் தானே எழுதிக்கொண்டார். அப்புறம் குளிர் நடுக்கம். அவர் மனைவி ஆராயி அண்ணி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி அழுதார். ஊருக்கெல்லாம் எழுதுகிற நானே ஊசிக்குப் போனால் இந்தக் கைக்கு என்ன மரியாதை என்று கேட்டாராம். பேச்சு குழற ஆரம்பித்த பிறகுதான் நானும் அண்ணியுமாக அவரை ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயது. காலில் இது என்ன கலர் என்று இந்தியில் கேட்டார். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், சீக்கிரம் கழுவுங்கள் என்றார். அண்ணன் காலை இழுத்துக்கொண்டார். நான் கேம்ப் மாரியம்மன் கோயில் வாசல் பெருக்கிக் கோலம் போடுகிறவள் என்பதால் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அழிச்சா அம்மா கோச்சுக்குமா, மகேசு?"

"அதுக்கே குடம் குடமா தண்ணி ஊத்தித்தான அபிஷேகம் பண்றோம், அண்ணே. உன் காலக் கழுவுனா அதுக்கு என்னா கோவம்?"

அண்ணன் குழாயைத் திறந்தார். பிறகு எங்களைத் தொட விடாமல் தன் கையாலேயே கழுவினார். காவி போனதும்தான் தெரிந்தது. சிவப்பு முட்டியைத் தாண்டியிருந்தது. இது அக்கி இல்லை, காயம் வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கிறது, இன்னும் விட்டால் காலோ உயிரோ போய்விடும் என்றார் டாக்டரம்மா. சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டார். கோட்டைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும் என்றார்.

"பாரு, டாக்டரம்மாவும் உனக்கு எழுதிடுச்சு," என்றார் ஆராயி அண்ணி. அந்தக் காய்ச்சலிலும் அண்ணன் சிரித்தார்.

முதலில் முன்கையில் துளி மருந்தைத் தோலுக்கடியில் குத்தி, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள். ஊசி ஏறும்போது அவர் கண்ணை மூடி, அக்கி எழுதும்போது சொல்கிற அதே பேரைச் சொன்னார். நானும் கூடவே சொன்னேன். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவருக்குப் புத்தியைக் கொடுத்ததும் அவள்தானே என்று தோன்றியது.

காலையும் மாலையும் ஊசி. முதலில் சிவப்பு கோட்டைத் தொட்டபடியே நின்றது; அண்ணி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கியது. கால் பிழைத்தது.

வீட்டுக்கு வந்தவர் இறகைத் தொடவில்லை. எழுதக் கேட்டு வந்தவர்களிடம் கை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பினார். 

கேம்ப்பை இடித்தபோது அவர்களுக்கு டெல்லியின் ஓரத்தில், நரேலாவில் அரசாங்க வீடு கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. சாமான் ஏற்றிய டெம்போவில் அவர் ஏறும்போது, அங்கே போயாவது எழுதுவாயா அண்ணே என்று கேட்டேன்.

"எழுதுவன், மகேசு. ஆனா காச்சலோட வந்தா, மொதல்ல போய் ஊசி போட்டுக்கினு வான்னு அனுப்பிடுவன். அம்மா எங்க போயிடப் போவுது? அதுவரைக்கும் காத்திருக்கும்."