தங்கச்சியின் தாகம்

பிள்ளை மார்பைப் பிடித்து நாலைந்து மிடறு உறிஞ்சியிருக்கும். அதற்குள் அறையிலிருந்து தங்கச்சியின் குரல் வந்துவிடும்: "அக்கா, தண்ணி தாங்கோ." நான் குசினியிலிருந்து செம்பு நிறையக் கொண்டுபோவேன். ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தாங்கியபடி மறு கையால் செம்பை வாங்கி, மூச்சு விடாமல் குடிப்பாள். அப்போது அவளுடைய கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குள் எரியும்.

முதல் பிரசவத்துக்காக லிங்கநகரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா காலமாகிவிட்டதால் நான்தான் எல்லாம் பார்த்தேன். கலியாணமாகிப் பல வருடமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் அவளுடைய பிள்ளையைத் தூக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. பொறாமையெல்லாம் அந்தத் தாகத்தின் மேல்தான். நான் மிருக வைத்தியர். கன்று மடியை முட்டியதும் பசுவின் மூளையிலிருந்து ஒக்சிடோசின் என்ற ஓமோன் இரத்தத்தில் கலக்கிறது. பாலை இறங்கச் செய்வது அதுதான். பாலோடு போகப்போகும் நீரை உடல் அப்போதே கேட்கத் தொடங்குகிறது, அந்தத் தாகத்திலும் ஓமோன்களுக்குப் பங்கிருக்கிறது என்று படித்திருந்தேன். பால் கறந்தவுடன் மாட்டுக்குத் தண்ணீர் வையுங்கள் என்று கிண்ணியாவில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆக, தங்கச்சி குடித்த ஒவ்வொரு செம்பும் எதனால் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஆனால் அது வந்தது அவளுக்குத்தான்.

பிள்ளைக்கு மூன்று மாதமானபோது அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளை என்னோடு இருந்தது. போத்தலைத் துப்பித் துப்பி அழுதுவிட்டு, என் சட்டையை வாயால் தேடியது. ஒரு மத்தியானம் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். திடீரென்று எனக்குத் தொண்டை வறண்டது. எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன், இன்னும் குடித்தேன். படித்ததெல்லாம் மறந்து, எனக்கும் அந்தத் தாகம் வந்துவிட்டது என்று ஒரு கணம் நம்பினேன். பிறகுதான் கரண்ட் போய் ஃபான் நின்றிருந்ததைக் கவனித்தேன். இருவரும் வியர்வையில் நனைந்திருந்தோம். எனக்கு வந்தது வெறும் வெயில் தாகம்.

தங்கச்சி வெளிறிப்போய்த் திரும்பி வந்தாள். பிள்ளையை மடியில் போட்டவள் அழத் தொடங்கினாள்.

"பால் வத்திப்போச்சுது போல, அக்கா. பிள்ளை என்னை மறந்திட்டுதோ தெரியேல்லை."

"பொறுமையா இருங்கோ. பிள்ளை சூப்பட்டும், வரும்," என்றேன்.

அப்படிச் சொல்லிக்கொண்டே, பிள்ளை அவளை விட்டு என் பக்கம் திரும்பாதா என்றும் காத்திருந்தேன். பிள்ளை திரும்பவில்லை. நீண்ட நேரம் சூப்பிக்கொண்டேயிருந்தது. பிறகு தங்கச்சி மெல்லச் சொன்னாள்: "அக்கா, தண்ணி." பால் இறங்கிவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. செம்பு நிறையத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. எரிச்சலும் அடங்கவில்லை.

அவள் இப்போது இறக்கக்கண்டியில் புருசனோடு இருக்கிறாள். மகன் பள்ளிக்கூடம் போகிறான். என்னைக் கண்டால் ஓடிவந்து கட்டிக்கொள்வான், சற்று நேரத்தில் தாயிடம் ஓடிவிடுவான். எனக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை.

போன கிழமை கிண்ணியாவில் ஒரு வீட்டில், கன்று ஈன்ற பசுவைப் பார்க்கப் போனேன். பால் கறந்து முடித்த பெண் வாளியில் தண்ணீர் வைத்தாள். மாடு இழுத்துக் குடிப்பதைக் காட்டி, "புள்ள பெத்த ஒடம்புக்கு எவ்வளவு தாகம் பாருங்க. நீங்களும் பெத்தவங்கதானே டொக்டர், தெரியாததா?" என்றாள்.

"இல்லை," என்றேன். "பெத்தது என்ரை தங்கச்சி. நான் தண்ணி குடுத்தனான்."

அவள் வாளியைச் சற்று நகர்த்தி வைத்தாள். மாடு தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டிருந்தது. அதையும் நான் பொறாமையோடுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.