செல்வி விரித்த பாய்

எங்கள் நெட்டுக்குப்பத்தில் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிதி நிறுவனத்தில் குழுக்கடன் வாங்கியிருந்தோம். பக்கத்துத் தெரு செல்வியும் அதில் இருந்தாள். அவள் கணவர் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால், அந்த மாதத் தவணையை அவளால் கட்ட முடியவில்லை.

வசூலுக்கு வந்த ஆள் எங்களிடம், "எல்லாரும் போய் அவ வூட்டு வாசல்ல குந்துங்க. அவ கட்டலன்னா உங்க யாருக்கும் அடுத்த லோன் கெடையாது" என்றான். புத்தி கெட்டுப்போய் நானும் கிளம்பினேன்.

எங்களைப் பார்த்ததும் செல்விக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாங்கக்கா, எங்க வூட்டுக்காரரைப் பாக்க வந்தீங்களா? நேத்துதான் கூட்டினு வந்தேன்" என்று பாயை விரித்துவிட்டு, டீ போட உள்ளே ஓடினாள். நாங்களும் வெட்கமில்லாமல் உட்கார்ந்தோம். எங்கள் பின்னாலேயே வந்த அந்த ஆள் தெருவே கேட்கக் கத்த ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. டீத் தட்டோடு நின்றபடி, "இதுக்குத்தான் வந்தியாக்கா?" என்று என்னைக் கேட்டாள். சாயந்திரமே கம்மலை அடகு வைத்துக் கட்டிவிட்டாள்.

பிறகொரு சட்ட உதவி முகாமில், இப்படி அவமானப்படுத்தி வசூலிப்பது ரிசர்வ் வங்கி விதிக்கே விரோதம், புகார் கொடுக்கலாம் என்று வக்கீலம்மா சொன்னார். இப்போதெல்லாம் வசூலுக்கு வருகிற ஆள் யார் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டாலும், "நான் வர மாட்டேன். நீ போய்க் கத்தினா உன் மேல கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்.

செல்வி வீட்டுக்கும் போய்வருகிறேன். நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் அந்தப் பாயை மட்டும் எனக்கு விரிப்பதே இல்லை.